இறுதிச் சடங்குகளுக்கேற்ற மலர்களும் அவற்றைப் பயிர் செய்யும் முறையும்
(கொல்லிமலை செம்மேட்டுப் பகுதி விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும்)

கலியாணத்திற்கு முகூர்த்தம் உண்டு. திருவிழாவிற்குத் திதி உண்டு. மரணத்திற்கோ இவ்விரண்டும் இல்லை. எந்த மாதத்திலும் எந்த நாழிகையிலும் அது நேரக்கூடியது. அவ்வாறு நேர்ந்தபொழுது முதன்முதல் தேடப்படும் பொருள்களுள் மலரும் ஒன்று. ஆயினும் விவசாயப் பத்திரிகைகளில் மலர்ப் பயிரைப்பற்றி எழுதுவோர் கோயிலையும் கூந்தலையும் கருதி எழுதுவதே வழக்கம். இறந்தோர்க்குரிய மலரைப்பற்றி எழுதுவது அமங்கலமென்று விட்டுவிடுவர். ஒரு கிராமத்தில் எக்காலத்தும் தேவைப்படுகின்ற ஒரு விளைபொருளைப்பற்றிப் பேசாதிருத்தல் பொருத்தமன்று. ஆதலின், எந்த மதத்தினர்க்கு எவ்வகை மலர் ஏற்றது, எது ஏற்காதது, அவற்றுள் மலைமேல் விளையத்தக்கவை எவை, சடங்கு முடிந்தபின் அவற்றை என்ன செய்யவேண்டும் என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

செம்மேடு கொல்லிமலைக்குத் தலைமையிடமாக விளங்கும் ஊர். 1997-ஆம் ஆண்டு சேலம் ஜில்லாவினின்று பிரிந்த நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ளது. சாமை, கேழ்வரகு, மலைவாழை, மிளகு, காப்பி, அன்னாசி, பலா முதலியன இங்கு விளைகின்றன. விற்பனைக்குரிய பூவோ பெரும்பாலும் சமவெளியின் விளைபொருள். சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி அரளிக்குப் பெயர்போனது. பரமத்தி வேலூரில் பூ ஏலம் நடைபெறுகின்றது. அங்கிருந்து ஒரு மாலை செம்மேட்டிற்கு வந்து சேரவேண்டுமாயின், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். முகூர்த்த நாளாயிருந்தால் பூவின் விலை இரண்டு மூன்று மடங்காக ஏறிவிடும். இரவில் ஒருவர் இறந்து மறுநாட் பகலில் எடுக்கவேண்டியிருந்தால், ஏழைக் குடும்பத்தார் கடன்பட்டுப் பூ வாங்குகின்றனர். அல்லது பிளாஸ்டிக் மாலையைச் சாத்தி மனங்குன்றுகின்றனர். இக்குறையை ஐந்து சென்ட் நிலம் தீர்க்கக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. சாத்திரம் எது, பழக்கம் எது?

மலரைத் தெரிந்தெடுப்பதற்கு முன்னர் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். இறுதிச் சடங்கிற் காணப்படும் பொருள்களுள் சில சமய விதியால் அமைந்தவை. பெரும்பாலானவை வெறும் பழக்கத்தால் வந்தவை. துளசி, வில்வம், தருப்பை, எள் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தன. இன்று பாடையெங்கும் நிறைந்து காணப்படும் துலுக்கச் சாமந்தி என்னும் செண்டுப் பூவோ மெக்ஸிகோ தேசத்தைத் தாயகமாக உடையது. கடல்வழிப் போக்குவரவு ஏற்பட்ட பின்னரே நம் நாட்டிற்கு வந்தது. நிலச்சம்பங்கியும் அத்தேசத்ததே. வாடாமல்லி மத்திய அமெரிக்காப் பக்கத்திலிருந்தும், செவ்வந்தி சீன தேசத்திலிருந்தும் வந்தவை. எனவே, நம் முன்னோர் தர்ம நூல்களை இயற்றிய காலத்தில் செண்டுப் பூவும் சம்பங்கியும் இந்நாட்டில் இல்லை. அவற்றைத்தான் வைக்கவேண்டுமென்று எந்தப் பழைய நூலும் விதித்திருக்க இயலாது.

இதனால் அறியத்தக்கது யாதெனில், விதியால் வந்த பொருளை மாற்றுதல் தகாது. பழக்கத்தால் வந்த பொருளை, இடத்திற்கும் காலத்திற்கும் கைப்பொருளுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை என்பதேயாம். சம்பங்கி கிடைக்காவிடின் வெண்செவ்வந்தி போதும். ரோஜா கிடைக்காவிடின் கோழிக்கொண்டை போதும். மலர் குறைந்ததென்று எவரும் கடன்படவேண்டுவதில்லை.

மலையடிவாரத்தில் பூக்கடை தோன்றுவதற்கு வெகு காலம் முன்னரே தமிழர் இறந்தோரை மலரால் போற்றியிருக்கின்றனர். போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, மாலை சூட்டி, மயிற்பீலி சாத்தும் வழக்கம் சங்க நூல்களிற் கூறப்பட்டுள்ளது. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் சிலை செம்மேட்டில் நிற்கின்றது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா நடைபெறுகின்றது. இறந்தார்க்கு மலரிடுதல் இம்மலைக்குப் புதியதன்று.

2. இந்துக்கள்

இந்துக்களின் வழக்கம் குலத்திற்குக் குலம் வேறுபடும். எனினும் பொதுவாகச் சில கூறலாம். பிரேதத்திற்கு மாலை சாத்துதல், பாடையை மலராலும் தென்னங்கீற்றாலும் அலங்கரித்தல், வழிநெடுகப் பூத் தூவிச் செல்லுதல் ஆகிய மூன்றும் பெரும்பாலோரிடம் உண்டு. இவற்றிற்குச் செண்டுப் பூ, செவ்வந்தி, சம்பங்கி, ரோஜா, அரளி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை வழங்குகின்றன.

வைணவர்க்குத் துளசி இன்றியமையாதது; உயிர் பிரியும் தறுவாயில் துளசித் தீர்த்தம் வார்ப்பதும், துளசி மாலை சாத்துவதும் அவர்கள் வழக்கம். சைவர்க்கு விபூதியும் வில்வமும் சிறந்தன. வீரசைவர் இறந்தோரை அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வர். அவர்க்கும் வில்வம் ஏற்றது. தாழம்பூ சிவபூசைக்கு விலக்கப்பட்டதாகலின், சைவர் வீட்டிற்கு அனுப்பும் மாலையில் அதனைச் சேர்க்காதிருத்தல் நலம்.

சுமங்கலியாக இறந்த பெண்ணுக்குப் பல குடும்பங்களில் மல்லிகையும் கனகாம்பரமும் சூட்டி, மஞ்சள் குங்குமமிட்டு, மணமகளைப்போல அலங்கரித்து அனுப்புகின்றனர். பேரன் பேத்திகளைக் கண்டு முதிர்ந்த வயதில் இறந்தோரின் சாவைக் கலியாணச் சாவு என்பர். அதற்குப் பூந்தேர் கட்டிப் பல நிறப் பூக்களால் அலங்கரிப்பதும் உண்டு. அகால மரணத்திற்கும் குழந்தை மரணத்திற்கும் அவ்வாறு செய்தல் தகாது. சிறிய வெண்மாலை ஒன்றே அமையும். இந்த வேறுபாட்டை அறியாது, இளவயதில் இறந்தவர் வீட்டிற்குப் பல நிறப் பெருமாலை கொண்டு செல்வோர் துக்கத்தை மிகுவிக்கின்றனர்.

பதினாறாம் நாட் கருமாதிக்கும், ஆண்டுதோறும் வரும் திதிக்கும், ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்கும் பூவின் தேவை வேறுவகைப்பட்டது. சிராத்த காரியங்களில் செந்நிறப் பூக்களையும் கடுமணமுள்ள பூக்களையும் விலக்கி, துளசியையும் வெண்மலரையும் கொள்ளுதல் ஆசாரமுடையோர் வழக்கம். ஆதலின் இந்நாட்களை முன்னிட்டுத் துளசி பயிர் செய்பவருக்கு ஆண்டில் குறைந்தது மூன்று முறை உறுதியான விற்பனை உண்டு.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு முதலிய நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அவரவர் நாட்டு வழக்கமே விதி. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிகள், சமவெளியில் தாம் கண்ட முறையை இங்குப் புகுத்தாமல், ஊர்க்கவுண்டரையும் வீட்டுப் பெரியோரையும் கேட்டு நடத்தல் மரியாதையாகும்.

3. கிறிஸ்தவர்கள்

கிறிஸ்தவர்களிடையே மாலையைக் காட்டிலும் மலர் வளையமும் மலர்ச் சிலுவையும் சிறப்புடையன. பெட்டியின்மேல் வைப்பதற்கு வெண்ணிறம் விரும்பப்படும். லில்லி, வெண்செவ்வந்தி, சம்பங்கி, வெள்ளை ரோஜா ஆகியவை ஏற்றவை; குழந்தைகளின் அடக்கத்திற்கு வெண்மலர் தவிர வேறு சேர்ப்பதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம். சில சபையார் மலரலங்காரத்தையே விரும்புவதில்லை. ஆதலின் வளையம் கட்டச் சொல்லுமுன் சபைப் போதகரைக் கேட்டுக்கொள்க.

நவம்பர் 2-ஆம் தேதி கத்தோலிக்கர் முதலானோர் இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். அன்று கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவர். பிரான்சு தேசத்தில் இக்காலத்தில் செவ்வந்தித் தொட்டிகளைக் கல்லறையில் வைக்கின்றனர். மெக்ஸிகோவிலோ, நம் பாடைகளிற் காணும் அதே செண்டுப் பூவைக் கொண்டே நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தோரை வரவேற்கின்றனர். ஒரே பூ இரு வேறு கண்டங்களில் இறந்தோர்க்கு உரியதாயிற்று என்பது வியக்கத்தக்கது.

கொல்லிமலைக்கும் இத்தகைய கல்லறை நினைவு ஒன்று உண்டு. இம்மலையில் மருத்துவமும் கல்வியும் பரப்ப வந்த ஆங்கிலப் போதகர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ஆம் ஆண்டு கடுஞ் ஜுரத்தால் இங்கேயே இறந்தார். அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட் முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காது உழைத்து, 1974-ஆம் ஆண்டு மறைந்தார். அவருடலும் வாழவந்தியில் கணவர் கல்லறைக்கருகில் அடக்கம் செய்யப்பட்டது. இம்மலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர். வேற்று நாட்டிற் பிறந்தவர்க்கும் இம்மண்ணின் மலர்தான் கடைசியில் உரியதாயிற்று.

4. இஸ்லாமியர்கள்

இஸ்லாமிய அடக்கம் எளிமையை உயிராகக் கொண்டது. உடலை நீராட்டி, தைக்காத வெள்ளைத் துணியாகிய கபனில் பொதிந்து, தொழுகை நடத்தி, கூடிய விரைவில் அடக்கம் செய்வர். நீராட்டும் தண்ணீரில் இலந்தை இலையும், இறுதி நீராட்டில் கற்பூரமும் சேர்ப்பது மார்க்க வழக்கம். ஆதலின் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு மரணம் நேர்ந்தபோது, மாலை கொண்டு ஓடுவதைக் காட்டிலும் ஒரு கொத்துச் சுத்தமான இலந்தை இலை பறித்துக் கொடுப்பது உண்மையான உதவியாகும்.

சில ஊர்களில் சந்தூக்கின்மேல் மலர்ப் போர்வை விரிக்கும் வழக்கம் உண்டு; வேறு சில ஊர்களில் உலமாக்கள் அதனை விரும்புவதில்லை. கப்றின்மேல் பச்சைக் கிளை ஊன்றுவது பலரிடம் காணப்படுகின்றது. நாகூர் முதலிய தர்காக்களில் மலர்ப் போர்வை சாத்துவதைக் கண்டு, எல்லா முஸ்லிம் வீட்டு மரணத்திற்கும் மாலை தகும் என்று எண்ணுதல் தவறு. பிரேதத்தின் கழுத்தில் மாலையிடுதல் அவர்கள் முறையன்று. ஜமாஅத்தாரைக் கேட்டு, அவர்கள் வேண்டாமென்றால் வெறுங்கையோடு சென்று நிற்பதே மரியாதை.

5. ஏனையோர்

பௌத்தர்க்கு மலர் நிலையாமையின் அடையாளம். இலங்கையில் பௌத்தர் வீட்டுத் துக்கத்தில் வெள்ளைக் கொடியும் வெண்மலரும் காணப்படும். சீனத்திலும் ஜப்பானிலும் வெண்செவ்வந்தி துக்க மலர். ஆகவே அந்நாடுகளைச் சேர்ந்த விருந்தினர்க்கு அதனை மகிழ்ச்சிப் பரிசாகக் கொடுத்தல் ஆகாது. ஜைனருள் ஸ்தானகவாசிகள் முதலிய சிலர் மலரைப் பறிப்பதும் உயிருக்கு ஊறு என்று கருதி அதனை விலக்குவர். சடங்கு வேண்டாதவர் என்று வாழ்ந்து இறந்தோர்க்கு, மந்திரமும் விபூதியுமின்றி ஒரு மலர் மாலை மட்டும் போதுமானது. போலீஸ் அல்லது ராணுவ மரியாதையோடு நடக்கும் அடக்கத்திற்கு மலர் வளையமே பொருத்தம்.

6. எப்பொழுதும் கேட்கத்தக்க மூன்று கேள்விகள்

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் பல மதத்தார் வீட்டிற்கும் செல்லவேண்டியவர்கள். மேற்கூறிய எல்லாவற்றையும் நினைவில் வைத்தல் அரிதாயின், இம்மூன்று கேள்விகளை மட்டும் நினைவிற் கொள்க. வீட்டாரின் நெருங்கிய உறவினர் ஒருவரைத் தனியே அழைத்து, முதலாவது, மலர் கொண்டுவரலாமா என்று கேட்கவேண்டும். இரண்டாவது, மாலையா, வளையமா, உதிரிப் பூவா என்று கேட்கவேண்டும். மூன்றாவது, விலக்கவேண்டிய நிறமோ பூவோ உண்டா என்று கேட்கவேண்டும். கேட்பதில் அவமானமில்லை. கேளாது செய்து, துக்க வீட்டில் ஒரு மாலையை ஒதுக்கி வைக்கும்படி நேர்வதே அவமானம்.

கேட்பதற்கு எவருமில்லாத அநாதைப் பிரேதமாயிருந்து, அதனை அடக்கும் பொறுப்பு கிராமத்தார்மேல் வந்தால், வெண்ணிற உதிரிப் பூ ஒரு கூடை போதும். வெண்மலரை வெறுக்கும் சமயம் அரிது. பெயர் தெரியாதவனும் மலரின்றிச் செல்லலாகாது. ஊர்ப் பொதுவில் மாலை போடுவதாயின், நிலமுடையோர் வீட்டிற்கும் கூலி வேலை செய்வோர் வீட்டிற்கும் ஒரே அளவாக, ஒரே தரமாக இருத்தல் வேண்டும். இவ்வொன்றிலாவது வேற்றுமை காட்டாதிருத்தல் ஊருக்கு அழகு.

7. மலைமேல் பயிராகத்தக்கவை

மல்லிகை வெப்பத்தை விரும்புவது. அதனைச் சமவெளிக்கு விட்டுவிடுக. செம்மேட்டின் குளிர்ந்த தட்ப வெப்பத்திற்குப் பின்வருவன ஏற்றவை. சாமை, கேழ்வரகு விளையும் வயலைப் பூவிற்காக மாற்றவேண்டாம். வீட்டையடுத்து, நீர் வசதியுள்ள, வெயில் படும் ஐந்து சென்ட் நிலமே தொடக்கத்திற்குப் போதும்.

செண்டுப் பூ: ஐந்து சென்டிற்கு ஏறக்குறைய 30 கிராம் விதை வேண்டும். நாற்றங்காலில் விதைத்து, சுமார் 30 நாள் சென்றபின் 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். ஐந்து சென்டில் சுமார் 1,280 செடிகள் கொள்ளும். நட்ட 60 நாளில் பூக்கத் தொடங்கும். எனவே, கல்லறைத் திருநாளுக்குப் பூ வேண்டுவோர் ஜூலை மாதக் கடைசியில் விதைத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்காலத்தில் பெய்யுமாகலின், மேட்டுப் பாத்திகளில் நட்டு நீர் வடிய வழி செய்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதையாமல், மாதத்திற்கு ஒரு பாத்தியாக விதைத்து வந்தால் ஆண்டு முழுவதும் பூ இருந்துகொண்டேயிருக்கும். இச்செடியின் வேர் நூற்புழுக்களை அடக்கும் தன்மையுடையது. ஆதலின் காய்கறிப் பயிருக்கு முன்னும் இடையிலும் நடுதல் இரட்டிப்பு இலாபம்.

செவ்வந்தி: வேர்க்கன்றுகளாலும் நுனித்தண்டுகளாலும் பெருக்கப்படும். ஜூன், ஜூலை மாதங்களில் 30 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் நடுக. ஐந்து சென்டில் சுமார் 2,200 கன்றுகள் கொள்ளும். நான்கு வாரம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் மிகும். பகற்பொழுது குறுகும் காலத்திலேயே இது மொட்டு விடும். ஆதலின் கார்த்திகை, மார்கழியில் பூ நிறையும். மார்கழியில் கலியாணம் இல்லாமையால் முகூர்த்தக் கிராக்கி குறையும். துக்க காரியங்களுக்குரிய தேவை மட்டும் குறைவதில்லை. வெண்ணிற வகையையும் மஞ்சள் வகையையும் பாதிப் பாதியாக நட்டால் எல்லா மதத்தார்க்கும் உதவும்.

நிலச்சம்பங்கி: கிழங்கு நட்டுப் பயிராவது. 45 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளி. ஐந்து சென்டிற்குச் சுமார் 2,200 கிழங்குகள். நட்ட மூன்று மாதத்தையொட்டிப் பூக்கத் தொடங்கி, இரண்டு மூன்றாண்டு பலன் தரும். ஒற்றையடுக்கு வகையே மாலைக்கு ஏற்றது. இதுவும் ஓரளவு வெப்பத்தை விரும்புவதாகலின், காற்றுத் தடுப்புள்ள சரிவுகளில் மட்டும் சிறிதளவு நட்டுப் பார்த்து, பின்னர்ப் பெருக்குக.

கோழிக்கொண்டையும் வாடாமல்லியும்: விதையால் எளிதில் வருவன, வறட்சி தாங்குவன. பறித்துப் பல நாள் ஆகியும் நிறம் கெடாமையால், நள்ளிரவில் மரணம் நேர்ந்தாலும் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். வேலியோரத்தில் இரண்டு வரிசை போதும்.

துளசி, வில்வம், இலந்தை: இவற்றிற்குத் தனி நிலம் வேண்டா. முற்றத்தில் துளசி, மேட்டில் ஒரு வில்வம், வேலியில் ஓர் இலந்தை இருந்தால், மூன்று வகை மதாசாரத்திற்கும் அவ்வீடு உதவும்.

மாலைக்கும் வளையத்திற்கும் பசுந்தழை வேண்டும். மிளகுக் கொடி ஏறுதற்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தின் இலை, அடிப்புறம் வெள்ளி போன்று இருத்தலால், வளையத்தின் பின்னணிக்கு மிகவும் பொருந்தும். ஓடையோரப் பெரணியும் மரிக்கொழுந்தும் உதவும்.

அசுவினி, இலைப்பேன் முதலிய பூச்சிகள் கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். கொடிய பூச்சி மருந்தைப் பூக்கும் காலத்தில் தெளித்தல் ஆகாது. அப்பூவைத் தொடுப்பவர் நம் வீட்டுப் பெண்மக்கள். அதனை மார்பில் அணைத்து அழுபவர் இறந்தவரின் மக்கள்.

8. பறித்தலும் கட்டுதலும்

பூவை வெயில் ஏறுமுன் அதிகாலையில் பறிக்கவேண்டும். மூங்கிற் கூடையில் வாழையிலை பரப்பி, பூவை அமுக்காது இட்டு, ஈரச் சாக்கினால் மூடி நிழலில் வைத்தால் மறுநாள் வரை வாடாது. பிளாஸ்டிக் பையிற் கட்டிவைத்தால் வெதும்பி அழுகும்.

மாலை கட்ட நைலான் நூல் வேண்டா. மலைவாழை விளையும் ஊரில் வாழை நாருக்குப் பஞ்சமில்லை. நாரைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் மாலை இறுகி நிற்கும். வளையத்திற்குத் தெர்மோகோல் தட்டை விலைக்கு வாங்காமல், மூங்கிற் பிளாச்சை வட்டமாக வளைத்து, அதன்மேல் வைக்கோலைச் சுற்றி, வாழை நாரால் இறுக்கி, பூவைச் செருகுக. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டுள்ளன என்பதையும் நினைவிற் கொள்க. மண்ணிலிருந்து வந்த உடல் மண்ணுக்குப் போகும்பொழுது, மக்காத பொருளொன்று உடன் செல்லுதல் தகுமா?

9. அரளியைப்பற்றி ஓர் எச்சரிக்கை

அரளி எளிதில் வளர்வது, போத்து நட்டால் தழைப்பது, ஆண்டு முழுவதும் பூப்பது, மாலைக்கு மலிவானது. ஆயினும் அதன் இலை, பூ, பட்டை, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த பின்னும் அந்நஞ்சு நீங்குவதில்லை. பாடையிலிருந்து கழற்றிச் சாலையோரத்தில் எறியப்பட்ட மாலையைப் பசுவோ ஆடோ மேய்ந்தால், சிறிதளவேயாயினும் உமிழ்நீர் வடிந்து, வயிறு கழிந்து, நாடி தாறுமாறாக ஓடி இறந்துவிடும். சில வேளைகளில் எக்குறியும் தோன்றுமுன்னரே மாடு விழுந்து இறந்து கிடக்கும். உரிமையாளர் பாம்பு கடித்ததென்று எண்ணிவிடுவர். மேய்ச்சலை நம்பி வாழும் மலைக் குடும்பத்திற்கு ஒரு பசு என்பது ஓர் ஆண்டின் பிழைப்பு. ஒரு வீட்டுத் துக்கம் மறுநாள் அடுத்த வீட்டுத் தொழுவத்தில் துக்கமாதல் கூடாது.

ஆதலின், மேய்ச்சல் மிகுந்த இப்பகுதியில் அரளியைத் துக்க மாலைக்குப் பயன்படுத்தாதிருத்தலே மேல். சமவெளியிலிருந்து அரளி மாலை வந்தால், சடங்கு முடிந்தவுடன் அதனை எண்ணி எடுத்து, கால்நடை எட்டாதபடி முழங்கால் ஆழக் குழியில் புதைத்து மண் மூடுக. எரித்தல் வேண்டா, அதன் புகையும் தீங்கு செய்யும். ஓடையில் எறிதலும் வேண்டா. அத்தண்ணீரைக் குடிப்போர் கீழே உள்ளனர். நமது இராஜ்ய மலராகிய செங்காந்தளும் நச்சுத்தன்மையுடையதே. அதன் கிழங்கையும் விதையையும் குழந்தைகள் கையிற் படாது காக்க.

வழியிற் பூத் தூவுவதற்கும் இதே நியாயம் பொருந்தும். செண்டுப் பூ, செவ்வந்தி, ரோஜா ஆகியவற்றின் இதழ்களை மட்டும் உதிர்த்துத் தூவுக. முழு மாலையைப் பிய்த்து நூலோடு எறிந்தால், அந்நூல் மாட்டின் வயிற்றிற் சிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஈர மாலையின்மேல் ஏறும் இருசக்கர வண்டியும் சறுக்கும். மயானத்தில் மிஞ்சும் பூவை, அரளி நீங்கலாக, ஒரு குழியிலிட்டுச் சாணக் கரைசல் தெளித்து மக்கவைத்தால், அடுத்த பூப் பாத்திக்கு அதுவே எருவாகும்.

10. ஊர்ப் பூம்பாத்தி

தனிப்பட்ட விவசாயி ஐந்து சென்டில் பயிரிட்டு விற்பது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. ஊர்ப் பொது நிலத்திலோ, மயானத்தை அடுத்த தரிசிலோ, வேலியிட்ட ஐந்து சென்ட் நிலத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் செண்டுப் பூ, வெண்செவ்வந்தி, கோழிக்கொண்டை ஆகியவற்றைப் பயிர் செய்யலாம். விழாக் காலத்தில் பூவை விற்று விதைக்கும் எருவுக்கும் செலவிடலாம். மரணம் நேர்ந்த வீட்டிற்கு மட்டும் விலையின்றிக் கொடுக்கலாம். கன்று, விதை முதலியவற்றிற்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். நிலம் ஒதுக்குமுன் அதன் உரிமையை வருவாய்த் துறைக் கணக்கில் சரிபார்ப்பது கிராம நிர்வாக அதிகாரியின் பொறுப்பு.

இவ்வாறு ஓர் ஊரில் ஒரு பாத்தி இருக்குமாயின், நள்ளிரவில் எவர் வீட்டில் அழுகுரல் எழுந்தாலும், விடியுமுன் ஒரு கூடைப் பூ அவ்வாசலுக்கு வந்து சேரும். இந்துவாயின் மாலையாகவும், கிறிஸ்தவராயின் சிலுவையாகவும், முஸ்லிமாயின் அவர்கள் விரும்பினால் மலராகவும் விரும்பாவிடின் ஓர் இலந்தைக் கொத்தாகவும் அது உதவும். சாமை விதைத்தவன் ஊர்ப் பசியைத் தீர்க்கின்றான். செண்டுப் பூ விதைத்தவன் ஊரார் துக்கத்தில் பங்கு கொள்கின்றான். மழைக்கு முன் பாத்தி கட்டிவிடுதல் இரண்டிற்கும் பொது.